பாட்டு இருக்கலாம், பெயர் கூடாது

1

இந்தக் கதையின் முதல் வடிவம் ஒரு வக்கீல் நோட்டீஸ். இரண்டாம் வடிவமும் வக்கீல் நோட்டீஸ்தான். 2002இல் சென்னையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தபோது இரண்டையும் நான் எழுதினேன். என் எழுத்தில் கடைசி வரி வரை படிக்கப்பட்டவை அவை மட்டுமே. பயந்துகொண்டு படித்தார்கள் என்பது உண்மை, இருந்தாலும் படித்தார்கள். என் சிறுகதைத் தொகுப்புக்கு அந்த பாக்கியம் இன்றுவரை வாய்க்கவில்லை.

அந்த விவகாரத்தைக் கதையாக்கிவிடலாம் என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். பாட்டைப் பற்றிய கதை. ஆகவே பாட்டோடு தொடங்குவதுதான் அழகு:

[இங்கே பாட்டின் முதல் இரண்டு வரிகள். கேஸட் கம்பெனியின் அனுமதி இல்லாமல் அச்சிட முடியாது. உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை முணுமுணுத்துக்கொள்ளவும்.]

2

மங்கையை அறிமுகப்படுத்த நான்கு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். "கோயில் மணியோசையில் கண்விழித்த மங்கை" என்று ஒன்று. காஞ்சிபுரம் என்றதும் மணியடிக்கிற எழுத்தாளர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். "பட்டைப் போன்ற மென்மையான" என்று இன்னொ... சீச்சீ.

நேராகவே சொல்கிறேன். மங்கை, இருபத்திரண்டு வயது, சின்ன காஞ்சிபுரம், ஏனாத்தூரில் எம்.சி.ஏ. கேஸட்டை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, சினிமாப் பாட்டுகளை வரி வரியாக எழுதிக்கொள்வாள். பிறகு ப்ரௌஸிங் சென்டருக்குப் போய்த் தட்டித் தன் இணையதளத்தில் ஏற்றுவாள். படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு ஃபான்ட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படியும் பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அந்தக் கட்டங்களைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். விளம்பரம் இல்லை, லாபம் இல்லை. அவளுக்குப் பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணுக்கு இதைவிடச் சந்தேகமான காரணம் கிடையாது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவள் அப்பா கிருஷ்ணஸ்வாமி, பெருமாள் கோயிலில் பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிக்கிறவர். அந்த வீட்டில் தனியன் சொல்லாமல் பாசுரத்தைத் தொடங்க மாட்டார்கள். தனியன் என்றால், பாடியவரை முதலில் பெயர் சொல்லி வணங்குகிற சின்னச் செய்யுள். மங்கை அதைச் சினிமாப் பாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். குத்துப் பாட்டாக இருந்தாலும் சரி, மேலே எழுதியவர் பெயர், அவரைப் பற்றி அவளே கட்டிய இரண்டு வரித் தனியன், அப்புறம்தான் பாட்டு. கேஸட் அட்டையில் பெயர் இல்லையென்றால் கடிதம் போட்டு விசாரித்துக் கண்டுபிடித்த பிறகே ஏற்றுவாள்.

(இந்தப் பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்றார் ஒரு நண்பர். அன்று நானும் நம்பவில்லை. நோட்டீஸில் 'தீய உள்நோக்கத்துடன்' என்று எழுதினேன்.)

3

ஒரு பாட்டுக்கு அட்டையில் படத் தயாரிப்பாளரின் பெயரே இருந்தது. அதையே போட்டாள். சில நாளில் தளத்தின் விருந்தினர் ஏட்டில் கீர்த்தி என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இது எங்கப்பா எழுதினது. பேரு கைலாசம். பிள்ளையார்பாளையத்துல தறி நெய்யறாரு. நம்பலேன்னா வந்து பாருங்க."

மங்கை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். கைலாசம் தறியை நிறுத்திவிட்டு, பரணிலிருந்து டிசைன் போடும் கட்டத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் யாளி பார்டர். பின்பக்கம் பென்சிலில் பாட்டு, அடித்தல் திருத்தலோடு. கேஸட்டில் வராத மூன்றாவது சரணமும் அதில் இருந்தது.

"அந்தப் படக்காரரு கல்யாணப் பொடவை எடுக்க வந்தாரும்மா. நான் பாடிக்கினே நெய்துக்கினு இருந்தேன். எழுதிக் குடுன்னாரு. ஒரு தாள்ல கையெழுத்தும் போடச் சொன்னாரு. படிச்சிப் பாக்கல."

"உங்க பேரைப் போடலையே ஸார், கேக்கலையா?"

"நெய்யற பொடவையில எம்பேரா போடறாங்க? கடைப் பேருதான். பாட்டும் அப்டித்தான் போலன்னு நெனச்சிக்கினேன்."

அன்று சாயங்காலமே தளத்தில் பெயர் மாறியது. அதைப் பார்க்கக் கைலாசம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மனைவி நீலாம்பாளையும் அழைத்துக்கொண்டு ப்ரௌஸிங் சென்டருக்கு வந்தார். பெயர் ஒரே வரிதான். இருவரும் கால் மணி நேரம் படித்தார்கள். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. முயன்று பார்த்தேன்.

4

இப்போது நான் வருகிறேன். கதாநாயகன் அறிமுகம், கையில் டைப் அடித்த தாள்.

கேஸட் கம்பெனியும் அந்தத் தயாரிப்பாளருடையதே. முதல் நோட்டீஸ் மங்கைக்கு, அனுமதியில்லாமல் பாட்டை வெளியிட்டதற்காக. இப்படி ஒன்று வந்தால் தளத்தை மூடுவார்கள், அல்லது கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். மங்கை இரண்டும் செய்யவில்லை. அனுமதிதானே கேட்கிறார்கள் என்று, கைலாசத்திடமே ஓர் அனுமதிக் கடிதம் வாங்கிக் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவைத்தாள்.

"எழுதினவாகிட்டதானே கேக்கணும்? வேற யார்கிட்ட கேப்பா?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள்.

தனியன் சொல்லி வளர்ந்த பெண்ணால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. பாட்டு அதை எழுதியவருடையது என்று நிஜமாகவே நம்பிவிட்டாள்.

கடிதத்தில் கைலாசத்தின் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. அந்த விலாசத்துக்குத்தான் இரண்டாவது நோட்டீஸ் போயிற்று. தயாரிப்பாளர் எழுதிய பாட்டைத் தான் எழுதியதாகச் சொல்லித் திரிகிறார், வழக்குப் போடுவோம். கூடவே ஒரு பெருந்தன்மை: பாட்டு தளத்தில் தாராளமாக இருக்கட்டும், பெயர் மட்டும் போக வேண்டும். 'இது நான் எழுதியதல்ல' என்று கைலாசம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு கிடையாது.

அந்த வாசகமும் என்னுடையது. நன்றாக வந்திருந்தது.

5

தாளைக் கொண்டுபோனவனும் நானே. சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறல், வழி தெரியும் என்று வக்கீல் என்னை அனுப்பினார்.

நீலாம்பாள் மோர் கொடுத்தாள். [இங்கே மனிதநேயம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். வெயில், கொடுத்தார்கள்.] மங்கையும் வந்திருந்தாள். அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

"பேரை நானே எடுத்துடறேன் ஸார். நீங்க கையெழுத்தெல்லாம் போட வேண்டாம். எல்லாம் என்னாலதான்."

"இரும்மா," என்ற கைலாசம் என்னிடம், "போடலேன்னா?" என்றார்.

"சென்னைக் கோர்ட்டுக்கு வரணும்."

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் தறிய வுட்டுட்டு எப்டிங்க வருவாரு?" என்றாள் நீலாம்பாள். "போட்டுடுய்யா. எழுதினது நீதான்னு எனக்குத் தெரியும், போதாதா?"

கைலாசம் நோட்டீஸை முதலிலிருந்து ஒருமுறை படித்தார். "நல்லா எழுதியிருக்குதுப்பா. யாரு எழுதினது?"

"வக்கீல் ஸார்."

"அது கீழ இருக்கற கையெழுத்து. எழுதினது யாருன்னு கேட்டேன்."

ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. "நான்தான்."

நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உம்பேரக் காணமேப்பா?"

பிறகு பேனா கேட்டார். கொடுத்தேன். பலகைமேல் தாளை வைத்து, குனிந்து, அவர்

[இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.]

* அடிக்குறிப்பு: பாட்டை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவனைவிட்டுப் போவதில்லை. பதிப்புரிமைச் சட்டம், ஐம்பத்தேழாவது பிரிவு. எனக்கு அன்றைக்கே தெரியும். மோர் குடித்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் அடிக்குறிப்பில் சொல்கிறேன்.

6

ஒரு முடிவில் அவர் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிகிறார். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். இன்னொன்றில் கையெழுத்துப் போடுகிறார், வெளியே மழை பிடிக்கிறது. இது விருதுக்கு. நிஜமாக நடந்தது எனக்குத் தெரியும். எழுதினால் யாருடைய பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். இந்தப் பத்திரிகைக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார். அவர் யோசனைப்படி ஒரு பெயரை முதலிலேயே மாற்றிவிட்டேன். கைலாசம் என்பது அவர் பெயர் அல்ல.

ஆக, அவர் பாடிக்கொண்டே நெய்தது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தது, என்னைக் கேட்ட கேள்வி, எல்லாம் இங்கே இருக்கின்றன. பெயர்தான் இல்லை. தலைப்புக்குக் கீழே என் பெயரை அச்சிடப்போகிறார்கள்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். பேனா அவர் கையில் இருக்கிறது. போட்டாரா, இல்லையா? நீங்களே எழுதி எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருந்தால் புத்தகமாக வரும்போது சேர்த்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரு தாள் வரும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் பெயர் வராது.