மேட்டிலிருந்து தெரியும் கடல்

காலை எட்டே முக்காலுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். நினைவுக் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. கணவர் வேன் ஓட்டுகிறவர். சவாரிக்குச் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போய் நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு அரைமணி அரை நாளாகிவிட்டது.

"கூட்டம் வந்துட்டா வண்டிய எங்க போடுறது? உன் தலையிலயா?" என்றார்.

"இப்ப என் தலைதான் வெயில்ல காயுது."

கடற்கரை நீளமாக, வெறுமையாகக் கிடந்தது. சண்டை நடந்த இடம் என்று காட்ட மணல்மேட்டின் உச்சியில் ஒரு சிமெண்ட் அறை மட்டும் இருந்தது. பாதி மணலில் புதைந்திருந்தது. கடலைப் பார்த்த சுவரில் துப்பாக்கி நீட்ட ஒரு நீளச் சந்து. அறையின் கூரையில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். மேட்டின் அடியில் துணிக்கூரை போட்டு நாற்காலிகள் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆட்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

"பாத்தியா? முன்னாடியே ஆரம்பிக்கிறாங்க. என் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்க நீ," என்றார் கணவர். தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இவர்கள் கையிலும் ஆளுக்கொன்று திணித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். யார் என்று கேட்கவில்லை. இருவரும் உட்கார்ந்தார்கள்.

அவள் தம்பி இந்தக் கரையில் செத்து முப்பது வருடமாகிறது. இது எதிர்ப்பக்கத்தாரின் கரை. இவர்கள் பக்கத்துக் குடும்பங்களை இங்கே வரவிட்டது இந்த வருடம்தான். கரையேறும் தாக்குதலில் இறந்தான் என்று பட்டாளத்தில் சொன்னார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உடலும் வரவில்லை. அம்மா அவன் இல்லை என்பதை எப்படியோ விழுங்கிக்கொண்டாள். எங்கே என்பதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீரிலா, தரையிலா?

அவனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். சின்ன வயதில் தலைக்கு ஊற்றும்போது அக்காவின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து வைத்துக்கொள்வான். மூக்கில் ஒரு சொட்டு போனால் தெருவே கூடிவிடும். அவனைக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றியிருக்கிறார்கள்.

நேற்றுக் கிளம்பும்போது அம்மா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். "பாத்தவங்க யாராச்சும் இருப்பாங்க. கேட்டுட்டு வா." எனக்கு என்ன வாங்கி வருவாய் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவள் ஓட்டல் ஒன்றில் துணி தேய்ப்பவள். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் சட்டைக்குத்தான் போகும். பெரியவரின் சட்டைக் கையில் இரண்டு மடிப்புக் கோடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி ஓடின. அவரே தேய்த்துக்கொண்டது. வீட்டில் பெண்துணை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு யாரும்மா?" என்றார்.

"தம்பி."

"எனக்குப் பையன். இங்க சாகல. முழுசாத் திரும்பி வந்தான். போன வருஷம் நெஞ்சுவலி." முன்கையில் இருந்த தீத்தழும்புகளை அவள் பார்ப்பதைக் கவனித்தார். "ரொட்டிக்கடைம்மா. அடுப்பு போட்ட முத்திரை. அவனுக்கும் இருந்துச்சு. வருஷா வருஷம் அவன்தான் இங்க வருவான். அவன் நாற்காலி காலியாக் கிடக்க வேணாமேன்னு வந்தேன்."

ஒலிபெருக்கி இரண்டு தடவை இருமியது. அதிகாரி ஒருவர் பேச எழுந்தார். கடல், காலை, பனிமூட்டம், இளம் உயிர்கள் என்று நல்ல குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் தலையாட்டியபடி கேட்டாள். பிறகு அவர், "எதிரிகளில் ஒருவன்கூட இந்த மேட்டில் கால்வைக்கவில்லை," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

கணவரின் முழங்கை விலாவில் இடித்தது. அவள் காதோடு சொன்னார்.

"எந்திரி. இது நம்ம கூட்டம் இல்ல. காலையில இவங்களுக்காம், மூணு மணிக்குத்தான் நமக்காம். முன்னாடி போர்டுல எழுதியிருக்கு. நான் ஒரு மடையன், வாசிக்காம உக்காந்துட்டேன்."

"அதை வீட்டுல போய்ச் சொல்லுங்க, அம்மா சந்தோஷப்படுவாங்க."

"வாயாடாத. யாருக்காச்சும் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க. வேன்ல போய் உக்காருவோம்."

"நீங்க போங்க. வரேன்."

அவர் குனிந்தபடி நழுவினார். தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். தாகம்தான் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். போட்டாள். மறுபடி கழற்றினாள்.

கூட்டம் முடிந்ததும் ஆட்கள் மேட்டில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலையாட்கள் மேடைத் துணியை உருவி, மதியத்துக்கான வேறு நிறத் துணியை ஆணியில் மாட்டினார்கள். நாற்காலிகளை மாற்றவில்லை. பெரியவர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கித் திருகிக் கொடுத்தாள்.

"உங்க தம்பி மேட்டுல எந்தப் பக்கம் நின்னான்?"

"சரியாத் தெரியலைங்கய்யா."

"என் பையன் அதோ, அந்த அறையில. அந்தச் சந்துக்குப் பின்னாடி. மிஷின் கன் அவன் கையில." அவர் ஒரு மிடறு குடித்தார். "இங்க வந்து உக்காருவான், டீ குடிப்பான், திரும்பிடுவான். கடல்ல கால் நனைச்சதே இல்ல. ஒரே ஒரு தடவை மாவு பிசையும்போது சொன்னான். அப்பா, படகு வந்து நின்னுச்சு, முன்கதவு கீழ விழுந்துச்சு, எல்லாம் என் வயசுப் பசங்கன்னான். அப்புறம் மாவைப் போட்டு அடிச்சான் பாருங்க, அன்னிக்கு ரொட்டி கல்லாப் போச்சு."

"அப்புறம் என்ன சொன்னார்?"

"சொன்னான். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

தூரத்தில் வேன் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. கணவர் கூப்பிடுகிறார். கடல் பின்வாங்கியிருந்தது. ஈர மணலில் ஒரு நாய் எதையோ முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. மேட்டிலிருந்து பார்த்தால் அதன் கால் நகம்கூடத் தெரியும்போல் இருந்தது. அவள் புடவைத் தலைப்பை மடியில் வைத்து, விரலால் நீவி, மடிப்பு நேராகும்வரை நீவினாள்.

"ஐயா," என்றாள். "என் தம்பிக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கதவு விழுந்தப்ப, அவங்க கால் வைக்கிற எடத்துல மணல் இருந்துச்சா?"