அக்காவின் இங்கிலீஷ்

அக்காவின் இரண்டாவது திவசத்தன்று, படையல் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் என் போன் அறைக்குள்ளேயே கிடக்கிறது என்று ஞாபகம் வந்தது. உள்ளே வாழை இலையில் சோறும் முருங்கைக்காய்க் கறியும் பாலப்பமும், ஓரத்தில் அவளுக்குப் பிடித்த சாயம் கூடின தேத்தண்ணியும் இருந்தன. செத்தவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகவும் கூடாது, சத்தம் போடவும் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் வெளியே பாயில் இருந்தோம். ஆரையம்பதியில் ஆற்றுப்பக்கக் காற்று அந்த உச்சி வெயிலிலும் கொஞ்சம் வரும், அன்றைக்கு அதுவும் இல்லை. அதுவரை சமையல் சத்தத்திலும் சனங்களின் கதையிலும் அமுங்கிக் கிடந்தது, எல்லாரும் வாயை மூடினதும் கேட்டது. மூடின கதவுக்குள்ளிருந்து அக்கா பேசினாள்.

“ஹேவ் யு ஹேட் யுவர் லஞ்ச்?”

மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வழமைபோல பதிலுக்காகக் காத்திருந்தாள். வந்திருந்த மாமிமார் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். என் அம்மா சீதேவிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கதவைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“நாங்க பிறகு சாப்பிடுறம் மகள். நீ முதல்ல சாப்பிடு.”

அது போன்தான், அக்கா பதிந்து வைத்த பாடம் ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும்படி நான்தான் வைத்திருந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகத்தில் இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்படியொரு நிம்மதி.

அக்கா கேதீஸ்வரி, வீட்டில் கேது, இங்கிலீஷ் டீச்சர். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைத் தன் குரலில் பதிந்து அனுப்புவாள். தனிச்சொல்லைப் பாடமாக்காதே, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்துகிறது என்று பார், என்பது அவள் கொள்கை. “நாம தேத்தண்ணி ஊத்துவம், அவங்க தேத்தண்ணி செய்வாங்க. நாம குளிப்பம், அவங்க குளியல எடுப்பாங்க” என்று சிரிப்பாள். நித்திரையிலும் நோயிலும் காதலிலும் வெள்ளைக்காரன் விழத்தான் செய்வான், நம்மைப்போல நித்திரையும் நோயும் அவனைத் தேடி வருவதில்லை என்பாள். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு ஒரு இடைவெளி விடுவாள், கேட்கிறவர் திருப்பிச் சொல்வதற்கு. அந்த இடைவெளியில் எங்கள் கிணற்று வாளிச் சத்தமும் என் ஆடுகள் கத்துவதும் பதிந்திருக்கும். சில இடத்தில் அவள் மூச்சு விடுவதும் கேட்கும். கடைசிப் பாடத்தில் குரல் கரகரக்கிறது. அது டெங்குக் காய்ச்சலின் தொடக்கம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது அவள் மகள் கிஷானிக்கு இரண்டு வயது. அத்தான் உதயரூபன் லண்டனில். பிள்ளையை வளர்த்தது நான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், பிள்ளைக்கு மாற்றாந்தாய் வராமல் இருக்க நானே தாயாகிவிட்டால் சரி என்றார்கள். போன சித்திரைக்கு அத்தான் வந்தபோது புளியந்தீவில் போய்க் கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்து வைத்தோம். அவர்மேல் எனக்கு ஆசை என்று சொன்னால் அது பொய். கிஷானிமேல் எனக்கிருந்தது ஆசையைவிடப் பெரியது. அவளுக்கு விசா கிடைப்பது நிச்சயம். எனக்கோ இங்கிலீஷில் பேசிக் காட்டும் பரீட்சை ஒன்று இருந்தது, முதல் தரம் அதில் கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தரமும் விட்டால் பிள்ளை என்னை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆடு மேய்க்கத் திரிந்து படிப்பைக் கோட்டைவிட்டவளுக்கு டியூஷன் மாஸ்டர் எவரும் பொருந்தி வரவில்லை. அக்காவின் குரல் மட்டும்தான் என் மண்டைக்குள் ஏறியது.

ஏறியது என்றால் முழுசாக ஏறிவிட்டது. வசனத்தை உடைத்துப் புதிதாகக் கட்ட எனக்குத் தெரியாது, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் இழுத்த இடத்தில் இழுத்தேன், சிரிப்பை அடக்கின இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்து அடங்கியது. ஒருநாள் குசினிக்குள் அடுப்படியில் நின்று, “கம் ஹியர், மை டியர்” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் மண் விளையாடிய கிஷானி ஓடி வந்தாள்.

“அம்மா!”

என்னைக் கண்டதும் நின்றாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“சின்னம்மா, அம்மா எங்க?”

“நான்தான் மகள் பேசினது.”

“நீங்க இல்ல.”

அவளுக்குத் தாயின் முகம் ஞாபகமில்லை. குரலைத்தான் தெரியும், அதுவும் இங்கிலீஷில்தான். அன்றிலிருந்து நான் தமிழில் கூப்பிட்டால் அசைய மாட்டாள். இங்கிலீஷில் கூப்பிட்டால் வருவாள். கண்ணை மூடிக்கொண்டு மடியில் ஏறிப் படுத்து, “மறுகாச் சொல்லுங்க” என்பாள். அப்போது அவள் வாயில் சின்னம்மா வராது, அம்மாதான் வரும். எனக்குச் சந்தோசமாக இருக்கும். திரும்பவும் சொல்வேன்.

அத்தானும் அப்படித்தான். போனில் தமிழில் பேசினால் அவருக்கு உடனே வேலை வந்துவிடும். ஒருதரம் பாடத்தில் வருகிற மாதிரி, நாள் எப்படிப் போனது, களைப்பாக இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

“இன்னொருக்கா அப்படிக் கேளு” என்றார். குரல் உடைந்திருந்தது. “நீ இனி என்னோட தமிழ்ல கதைக்காத தனு.”

அதற்குப் பிறகு அவர் என்னைத் தனு என்றும் கூப்பிடவில்லை. பெயரே சொல்லாமல் கதைக்கப் பழகிவிட்டார்.

அம்மாவும் ஒருநாள், நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த அறை வாசலில் நின்று, “கேது, வெயில் சாயுது, உடுப்ப எடுத்து வை கா” என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் போய்க் கொடியில் கிடந்த உடுப்பை எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன், அக்கா மடிக்கிற மாதிரி சட்டைக் கையை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். இதை எந்தப் பாடத்திலும் அவள் சொல்லித் தரவில்லை.

பரீட்சை கொழும்பில். கண்ணாடி போட்ட ஒரு அம்மணி எதிரே இருந்தாள், முகத்தில் நல்ல சிரிப்பு. உட்காரச் சொன்னாள். அக்கா எப்படி நன்றி சொல்வாளோ அப்படி நன்றி சொன்னேன். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றாள். அது பாடத்தில் இருந்தது. வாய் தானாகத் திறந்து அக்கா சொன்னது வந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். என் கணவர் லண்டனில் வேலை செய்கிறார். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், படிக்கச் சொன்னால் ஆற்றங்கரைக்கு ஓடிவிடுவாள், ஆடு வளர்க்கிறாள், நிறையச் சிரிப்பாள்.

என்னைப் பற்றி அக்கா இப்படியெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எத்தனையோ தரம் திருப்பிச் சொல்லியும், அது நான் என்று அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் உறைத்தது.

“உன் தங்கை இப்போது எங்கே இருக்கிறாள்?” என்று அந்த அம்மணி இங்கிலீஷில் கேட்டாள்.

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. நான் இடைவெளியில் காத்திருந்தேன், அக்கா சொல்வாள் என்று. அவள் சொல்லவில்லை. கடைசியில் நானே சொல்லுக்குச் சொல் கோர்த்து ஒரு வசனம் கட்டினேன். என் வாழ்க்கையில் நானாகக் கட்டின ஒரே இங்கிலீஷ் வசனம்.

“ஷி இஸ் வித் தி கோட்ஸ்.”

ஆடுகளோடு இருக்கிறாள். அம்மணி தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டாள்.

பாஸ் என்று முடிவு வந்த அன்று பின்னேரம், முதலில் கிஷானியைத்தான் கூப்பிட்டேன். “மகள், சின்னம்மாவும் உன்னோட வாறன்” என்றேன். அவள் வாசற்படியில் இருந்துகொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டேன். பிள்ளைக்குக் காது கேட்கிறது, நான்தான் அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தரையில் இருந்தேன்.

“கம் ஹியர், மை டியர்.”

போனைக் கீழே போட்டுவிட்டு வந்து மடியில் ஏறினாள். ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு தலையைத் தடவினேன். வெயில் ஆற்றுப்பக்கம் இறங்கிவிட்டது. வேலியில் கட்டிக் கிடந்த ஆடுகள் அவிழ்க்கச் சொல்லிக் கத்தத் தொடங்கின. அது நான் அவற்றைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிற நேரம்.

அம்மா குசினியிலிருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் முகத்தில், படையல் கதவைப் பார்த்தபோது இருந்த அதே நிம்மதி.

“கேது, தனு எங்க கா போயிற்றாள்? ஆடு கத்திச் சாகுது.”

இந்தத் தரம் அவள் நாக்கைக் கடிக்கவில்லை.

இஞ்சதான் அம்மா இருக்கன் என்று சொல்ல வாயெடுத்தேன். கிஷானியின் கண் மெல்ல மூடிக்கொண்டிருந்தது, விரல்கள் என் சட்டையைப் பிடித்திருந்தன. தமிழில் ஒரு சொல் வந்தால் எழும்பி இறங்கிப் போய்விடுவாள். பிள்ளையின் தலையைத் தடவினேன்.

அம்மா கொஞ்சம் பார்த்தாள். பிறகு படலையைத் திறந்துகொண்டு, கண்டல் மரங்களைத் தாண்டித் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். ஒரு கையை நெற்றியில் வைத்து, ஆளில்லாத ஆற்றங்கரையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுவிட்டு, பதில் வருவதற்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.