சங்கரலிங்கத்தின் இடது கை

புஷ்பத்தின் கல்யாணம் முடிவானது ஜாதகத்தைப் பார்த்து அல்ல, ஒரு துள்ளலைப் பார்த்து. 1926-இல் ஒருநாள் பதுளைக்குச் சரக்கெடுக்க வந்த அவளுடைய அப்பா, மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டத்தைக் கண்டு எட்டிப் பார்த்தார். பத்தடி உயரத்தில் அறைந்திருந்த இரும்பு வளையத்தை ஒரு பையன் நின்ற இடத்திலிருந்தே எம்பித் தொட்டான். பண்டாரவளைக்குத் திரும்பியவர் கால்கூடக் கழுவாமல், "மாப்பிள்ளை பாத்தாச்சு" என்றார். பையனுக்கு என்ன வேலை தெரியும் என்று அம்மா கேட்டாள். அப்பா கையை மேலே தூக்கிக் காட்டினார்.

பையன் பெயர் சங்கரலிங்கம். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த முத்தையா பிள்ளையின் ஒரே மகன். வயது பத்தொன்பது, உயரம் ஆறடி மூன்று அங்குலம். கூடைப்பந்து அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுவில் நின்று பந்தை மேலே எறிவார்கள். இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒருவன் எம்பித் தட்ட வேண்டும். சங்கரலிங்கம் எம்பினால் எதிரிக்கு அவனுடைய விலா எலும்புதான் தெரியும். பந்து தன் பக்கம் வந்ததும் அதை வாங்கி, வலது பக்கமாக நாலு தட்டுத் தட்டி ஓடிக் கூடையில் போடுவான். பதினேழு வயதில் அவன் கற்றது இது. அதோடு படிப்பு முடிந்தது.

புஷ்பம் கல்யாணமாகி வந்தபோது அதற்கே ஊர் கிறங்கிப் போயிருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பிறவி ஆட்டக்காரன்" என்று சொல்லி அவனுக்குச் சிகரெட் கொடுத்தார்கள். அவளுடைய மாமனார் முத்தையா பிள்ளையோ காலையில் பச்சை முட்டை, மாலையில் பாதாம் பால் என்று மகனைக் கோயில் காளை மாதிரி வளர்த்தார். அணியைப் பழக்கிய ஞானமுத்து மாஸ்டர் ஒருமுறை வீட்டுக்கே வந்தார்.

"தம்பி காலைப் பயிற்சிக்கு வர்றதே இல்லீங்க. மத்தவங்க எல்லாம் ஆறு மணிக்கே வந்துர்றாங்க."

"மத்தவனுங்களுக்கு ஒண்ணும் வராது, அதனால வர்றானுங்க" என்றார் முத்தையா பிள்ளை. "மீனுக்கு நீச்சலா சொல்லிக் கொடுப்பீங்க?"

மாஸ்டர் சிரித்தார். காப்பியைக் குடித்தார். போய்விட்டார். சனிக்கிழமை ஜெயித்தால் துரை அவருக்குக் கை கொடுப்பார்; அந்தக் குலுக்கலுக்கு மேல் அந்த மனிதருக்கு ஆசை இல்லை என்பது உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த புஷ்பத்துக்குப் புரிந்தது.

பள்ளிக்கூட மதிலோரம் குடை பிடித்து நின்று அவள் எல்லா ஆட்டத்தையும் பார்த்தாள். முதல் நாலைந்து ஆட்டம் பெருமையாக இருந்தது. பிறகு அலுத்தது. அதன் பிறகு அவன் எந்தப் பக்கம் எத்தனை தடவை போகிறான் என்று எண்ணத் தொடங்கினாள்.

"நீங்க ஒரு தடவகூட இடது பக்கம் போகலையே?" என்று ஒருநாள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"எதுக்குப் போகணும்? வலது பக்கமே மறிக்க ஆளில்ல."

"யாராச்சும் மறிச்சா?"

"மறிக்கட்டும், பாப்போம்."

ஆனாலும் அந்தக் கேள்வி அவனை உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் கொல்லைப்புறத்தில் இடது கையால் பந்தைத் தட்டிப் பார்த்தான். மூன்றாம் தட்டில் பந்து எகிறிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது. மூட்டை பிரித்துக்கொண்டிருந்த கடையாட்கள் சிரித்துவிட்டார்கள். சங்கரலிங்கம் முகம் சிவந்து உள்ளே போனான். இரண்டு வருஷமாக அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. இனியும் சிரிக்கக் கூடாது என்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி, இடது கையால் பந்தைத் தொடாமலே இருப்பது.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. மற்றவர்கள் வளர்ந்தார்கள், அவனுக்கு இடுப்பு மட்டும் கொஞ்சம் வளர்ந்தது.

1928-இல், மலைநாட்டு அணிக்கு இரண்டு பேரைப் பொறுக்கிக் கண்டிக்குக் கூட்டிப்போக ஒரு வெள்ளைக்காரர் வருகிறார் என்று செய்தி வந்தது. பதுளைக்கும் பசறைக்கும் ஆட்டம். அந்த வாரம் பசறையிலிருந்து வாடிக்கைக்காரி லரீபா சேலை எடுக்க வந்தாள். பெண்களுக்கு உள்ளறையில் துணி விரித்துக் காட்டுவது புஷ்பத்தின் வேலை. லரீபாவின் தம்பி மர்ஸூக் பசறை அணிக்குத் தலைவன். சங்கரலிங்கத்தின் தோளுக்குக்கூட வரமாட்டான்.

"விடிய முன்ன எழும்பிச் செவத்துல பந்து அடிக்கிறான், புஷ்பம். ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி. நமக்குத் தூக்கமில்ல" என்றாள் லரீபா. "என்ன அடிச்சு என்ன, ஒங்க வீட்டுக்காரர் முன்னுக்கு நிக்க ஏலுமா?"

புஷ்பம் சேலையை மடித்தாள். நன்றாக ஒருமுறை தோற்றால்தான் இந்த மனுஷனுக்குப் புத்தி வரும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"ஒன் தம்பிகிட்ட சொல்லு" என்றாள். "அவர் இடது பக்கம் வரவே மாட்டார். வலது பக்கம் ரெண்டு பேர் நின்னாப் போதும்."

லரீபா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். சேலையை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை பூனாகலைத் தோட்டத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சங்கரலிங்கம் வழக்கம்போல எம்பினான், தட்டினான், பந்தை வாங்கி வலது பக்கம் திரும்பினான். அங்கே மர்ஸூக்கும் இன்னொருவனும் கதவு சாத்தியதுபோல நின்றார்கள். மோதி விழுந்தான். அடுத்த முறையும் அங்கேதான் போனான், அதற்கடுத்த முறையும். இடது பக்கம் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடம் கிடந்தது. அங்கே தனியாக நின்ற ராமாமிர்தம் என்ற கூட்டாளி, "இங்க போடு, இங்க போடு" என்று தொண்டை கிழியக் கத்தினான். பிறவி ஆட்டக்காரனுக்குப் பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை. கடைசியில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். பசறை பதினைந்து, பதுளை எட்டு.

வெள்ளைக்காரர் மர்ஸூக்கின் பெயரையும் ராமாமிர்தத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார். சங்கரலிங்கத்தை ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல அடியிலிருந்து நுனிவரை பார்த்து, நல்ல உயரம் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் காரணங்கள் வரிசையாகப் புறப்பட்டன. பந்து ஈரம். வளையம் கோணல். நடுவர் பசறைக்காரனுக்கு உறவு. மகன் விட்ட இடத்தில் மாமனார் தொடர்ந்தார். இனியாவது கணவன் பயிற்சியில் இறங்குவான் என்று புஷ்பம் இரண்டு நாள் காத்திருந்தாள். பந்து கட்டிலடியில் தூசி பிடித்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அவளே சொன்னாள்.

"பந்தும் இல்ல, வளையமும் இல்ல. நாந்தான் லரீபாகிட்ட சொன்னேன். நீங்க இடது பக்கம் போகமாட்டீங்கன்னு."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூட மதித்திருப்பாள். அவன் முகமோ மழை விட்ட வானம்போலத் தெளிந்தது.

"அப்படிப் போடு!" என்றான். "அதானே பாத்தேன். நான் எப்படித் தோப்பேன்!"

மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. சொந்தப் பெண்டாட்டியே காட்டிக் கொடுத்துவிட்டாள். இல்லாவிட்டால் அவன் இந்நேரம் கண்டியில். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனுக்காக உச்சுக் கொட்டினான். மாமியார் அவளுடன் பேசுவதை நிறுத்தினாள். சங்கரலிங்கம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி கேட்பவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னான். சொல்லச் சொல்ல அந்தக் கதையில் அவன் இன்னும் உயரமாக எம்பினான்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் கொஸ்லந்தையிலிருந்து வந்த தோட்டக் கிளாக்கர் ஒருவரிடம் அதே கதையை ஆரம்பித்தான். உள்ளறையிலிருந்த புஷ்பம் முந்தானையைச் செருகிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண் யாரும் அப்படி வந்ததில்லை.

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றாள் கிளாக்கரிடம். "ஒரு வாரத்துல பசறைக்காரன் அதைக் கத்துக்கிட்டான். இவருக்கு மூணு மாசமாத் தெரியுது. இன்னிக்கு இடது கையால நாலு தட்டுத் தட்டச் சொல்லுங்க பாப்போம்."

"பொம்பளைக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று மாமனார் கத்தினார்.

கிளாக்கர் சங்கரலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "அதானே, தம்பி. ஏன் பழகல?"

சங்கரலிங்கத்துக்கு வயது அப்போது இருபத்தொன்று. கால் இருந்தது, கை இருந்தது, மைதானம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவன் கெஜக்கோலை எடுத்து, யாரும் கேட்காத ஒரு துணியை அளக்கத் தொடங்கினான்.

"உங்களுக்கு எத்தன கெஜம் வேணும்?" என்றான்.

புஷ்பம் அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே போய், கட்டிலடியிலிருந்த பந்தை எடுத்துத் துடைத்து, பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வரும்படி கடையாளிடம் கொடுத்தனுப்பினாள். அது காணாமல்போனதைச் சங்கரலிங்கம் இரண்டு வாரம்வரை கவனிக்கவே இல்லை.