உளுந்துக்குள் அரைவட்டம்

எங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற இடத்துக்குப் பச்சை அடித்து ‘விளையாட்டுத்திடல்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் கோவில்பட்டி ஓரத்தில், இந்தக் கரிசலில் வந்து வீடு கட்டினோம். என் மகள் இந்துஜா ஹாக்கி மட்டை பிடித்ததும் அங்கேதான். பொழுதுசாய தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் கூடி ஆடும். சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, கோலுக்கு முன்னால் அரைவட்டம் இழுப்பது எல்லாமே அந்தப் பிள்ளைகள்தான்.

மனை விற்ற விஜயராஜ் அண்ணாச்சிக்கு அந்தப் பச்சை கண்ணை உறுத்தியது. சாலையை ஒட்டிய இடமாயிற்றே. குறுக்கே நடக்கும்போதெல்லாம் பந்து காலில் படப்போகிறது என்று பிள்ளைகளை ஏசிக்கொண்டே போகிற அதே மனுஷன், அங்கே ஒருநாளும் ஒருத்தரும் விளையாடியதில்லை, அது வெறும் உழவுக்காடு என்று நகரமைப்பு அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். திடலுக்குப் பதிலாக ஓடைக்கரையில் இடம் தருகிறாராம், இதை மனையாக்கிக் கொடுக்க வேண்டுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஓடைக்கரையில் சீமைக்கருவேலமும் பாம்பும் தவிர என்ன இருக்கிறது? நான் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். தெருவில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் ஏசிவிட்டேன். கார்த்திகையில் அதிகாரி நேரில் பார்த்து முடிவு சொல்வார் என்று பதில் வந்தது.

அதிகாரி வரும்போது அது காடாக இருக்க வேண்டுமே. புரட்டாசி மழை விழுந்ததும் அண்ணாச்சி கோல் கம்பங்களையும், பந்து தடுக்க அவற்றுக்குப் பின்னால் அடித்திருந்த பலகையையும் பிடுங்கிப் போட்டார். சுடலைக்குமாரின் டிராக்டரை விட்டுத் திடலை ஆழ உழுது உளுந்து விதைத்தார். மட்டையோடு வந்த பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிற நேரம், ஆடிப் பழக வேறு இடம் கிடையாது. இந்துஜா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உளுந்து முளைத்தது. மாடியில் துணி காயப்போடப் போனவள் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பச்சைக்கு நடுவே கறுப்பாகக் கோடு ஓடியது. ஓரக்கோடு, நடுக்கோடு, இரண்டு பக்கமும் அரைவட்டம். பிள்ளைகள் போட்ட அதே இடத்தில் ஒரு செடி இல்லை.

சுண்ணாம்பு விழுந்த மண் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவ்வளவு ஆழ உழுத பிறகு எந்தச் சுண்ணாம்பு நின்ற இடத்தில் நிற்கும் என்று கேட்டான் சுடலைக்குமார். அண்ணாச்சி அவனை விட்டே கோட்டில் மறுபடியும் உளுந்து ஊன்றினார். விடிந்து பார்த்தால் ஊன்றிய விதையெல்லாம் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்தது. காக்கை கிளறியிருந்தால் தின்றிருக்கும், தின்ற அடையாளமே இல்லை. அதற்கப்புறம் சுடலைக்குமார் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு சத்தம் வந்தது. உச்சி வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாதபோது, பந்து பலகையில் மோதுகிற ‘டொக்’. பலகைதான் போய்விட்டதே. இந்துஜாவோ பள்ளிக்கூடத்தில். பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அதிகாரி பிரியதர்ஷினி ஒரு முற்பகலில் வந்தார். பிள்ளைகள் யாரும் தெருவில் இல்லை. பிள்ளைகள் ஆடுகிற படத்தைக் கைபேசியில் காட்டினேன். எந்த ஊர்த் திடலோ என்றார் அண்ணாச்சி. கெஞ்சி மாடிக்குக் கூட்டிப்போனேன். அதிகாரி கோடுகளை நெடுநேரம் பார்த்தார். அதெல்லாம் விதைப்புக் கோளாறு என்று கீழேயிருந்து அண்ணாச்சி சொன்னார். செடி முளைக்காததை வைத்து விளையாட்டுத்திடல் என்று எழுத முடியாதம்மா என்று அதிகாரி என்னிடம் சொன்னார்.

கீழே இறங்கினோம். அண்ணாச்சி தெம்பாக உளுந்துக்குள் நடந்தார். “இங்கன ஒரு பிள்ள மட்டையத் தூக்கிட்டு வந்ததில்ல மேடம். இந்தத் தெருப் பிள்ளைய பேருகூட எனக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே அரைவட்டத்துக்குள் போய் நின்றார்.

டொக்.

அண்ணாச்சி காலைப் பிடித்துக்கொண்டு துள்ளி விலகினார். விலகிய வேகத்தில், ஆளில்லாத உளுந்தைப் பார்த்து, தினமும் ஏசிப் பழகிய வாய் தன்னால் ஏசியது.

“ஏட்டி இந்துஜா, ஆள் நிக்கது தெரியலையா? பாத்து அடிங்கட்டி.”

காற்று இல்லை. ஒரு செடி அசையவில்லை. அதிகாரி அவரையே பார்த்தார்.

“இந்துஜா யாரு சார்?”

அண்ணாச்சி குனிந்தார். வேட்டியை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே பந்தளவுக்கு வட்டமாகக் கன்றிக்கொண்டு வந்தது. அதன் மேல் சுண்ணாம்புப் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“என் மக” என்று நான் சொன்னேன். அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.