பொன்னையா தின்னாத கோழிக்கறி

1996ஆம் ஆண்டு, தான் ஒருநாளும் தின்னாத கோழிக்கறியால் பொன்னையா பருக்கத் தொடங்கினார். லிந்துலைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலை மரங்களின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். அதுவரை எலும்பும் தோலுமாகத் திரிந்தவர். அந்த வருஷம் தேயிலை என்ன விலை போனது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. பொன்னையாவின் சட்டைப் பொத்தான்கள், விடியற்காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில், கங்காணியின் முகத்துக்கு நேரே தெறித்தது மட்டும் எல்லாருக்கும் ஞாபகமிருக்கிறது.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக்கும் நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. பொன்னையா குடியிருந்த மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தவர் யசோதினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல படிப்பு. ஆண்கள் எல்லாரும் மலைக்குப் போயிருந்த நேரம். நனைந்த சேலையோடு வாசலில் நின்று, "அம்மா, உங்கட அவர் நேற்றுக் காலமை தொடக்கம் படுக்குமட்டும் என்னென்ன சாப்பிட்டவர்?" என்று பொன்னையாவின் மனைவி வேலாயியிடம் கேட்டார். லயத்தில் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், அடுப்பில் பூனை தூங்கினாலும் சாப்பிட்டாச்சு என்பதுதான் பதில். இல்லையென்றால் கேட்டவர் மனசு நோகும், சொன்னவர் மானம் போகும். வீடு தேடி வந்த பிள்ளையிடம் ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும் என்று எந்த வாயால் சொல்வது? வேலாயி வாய் கூசாமல் காலையில் இடியப்பமும் முட்டைக் குழம்பும், மத்தியானம் சோறும் கோழிக்கறியும், ராத்திரி நெய்ச்சோறும் பாயாசமும் என்றாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்த ராசம்மா விடுவாளா? தன் முறை வந்ததும், தன் புருஷன் இராமையாவுக்கு ஆட்டுக்கறி இல்லாமல் தொண்டைக்குள் இறங்காது என்றாள்.

பெண்கள் வாயால் சமைத்ததெல்லாம் ஆண்களின் உடம்பில் போய் ஒட்டியது. வருஷா வருஷம் யசோதினி வந்தார். போன வருஷம் கோழி என்றவள் இந்த வருஷம் எப்படி ரொட்டிக்கு இறங்குவாள்? ஏறத்தான் முடிந்தது. ஆண்கள் ஊதினார்கள், ஆனால் பசி மட்டும் அப்படியே இருந்தது. தொப்பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் படுத்தார்கள். பிறகு ஒருவருக்குப் பின் ஒருவருக்குச் சீனி வந்தது, பிரஷர் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் சோற்றைக் குறை, கறியைக் குறை என்று திட்டினார். இல்லாததை எங்கே குறைப்பது, நீங்களே சொல்லுங்கள். 2001இல் இராமையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் சாய்ந்தார், எழும்பவில்லை.

மறு வருஷம் பொன்னையாவின் கால் கட்டைவிரலைக் கவ்வாத்துக் கத்தி கீறியது. புண் ஆறாமல் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒற்றைக் காலோடு சரிவில் நின்று யார் கவ்வாத்து வெட்டுவது? வேலாயி கூரையைப் பார்த்து அழுதாள், மாரியம்மனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அன்று கட்டுப் பிரித்த தாதி மூக்கைச் சுளித்து, புண்ணிலிருந்து நெய் வடிகிறதே என்றாள். வேலாயி குனிந்து முகர்ந்தாள். நெய்தான், ஏலக்காய் வாசம் வேறு. அவள் வீட்டுக்குள் நெய் என்ற பொருள் வந்ததேயில்லை. வருஷா வருஷம் தான் சொல்லி எழுதவைத்த நெய்ச்சோறும் பாயாசமும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

யசோதினி ஹட்டனில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, புருஷனைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். போன வேகத்தில் காலில் விழுந்தாள்.

"மிஸ், அவரு கோழியக் கண்ணால பாத்ததோட சரி. நான் சொன்னது பூராவும் பொய். ரொட்டிதான் மிஸ், ரொட்டியும் தேத்தண்ணியுந்தான்."

யசோதினி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறேழு வருஷ ஆராய்ச்சி, பாவம். ஆனாலும் கல்நெஞ்சுக்காரி இல்லை. வேலாயியைத் தூக்கி நிறுத்தி, முதலிலிருந்து உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னார். வேலாயி சொல்லச் சொல்ல, நாற்காலியில் இருந்த பொன்னையா வற்றினார். தொப்பை போனது, கன்னம் போனது, புண் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. காலையில் ரெண்டு ரொட்டி, ராத்திரி ரெண்டு ரொட்டி என்று அவள் முடித்தபோது பழைய பொன்னையா உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நுனியில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. இன்னும் ஏதோ பொய் இருக்கிறது என்று யசோதினி மெதுவாகச் சொன்னார். வேலாயி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள், தனக்குத் தெரிந்து எதுவும் மிச்சமில்லை என்று.

பொன்னையா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் பொய்தான் புள்ள," என்றார். "ரெண்டு ரொட்டி நான் என்னைக்குத் தின்னேன்? நீ அந்தப் பக்கம் திரும்புனதும் ஒன் தட்டுலயும் புள்ளைங்க தட்டுலயும் வச்சிருவேன். நீ கேட்டப்பல்லாம் சாப்பிட்டாச்சுன்னு சொன்னேன்."

அவர் சொல்லும்போதே தோள் இறங்குவதைப் பார்த்து வேலாயி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள், ஐயோ போதுங்க, நிறுத்துங்க என்று கதறினாள். சொல் வெளியே வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தின்னாத ரொட்டியெல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுக் கழன்றது. எல்லாம் முடிந்தபோது புண் இருந்த இடத்தில் தழும்புகூட இல்லை, ரெண்டு காலும் முழுசாக இருந்தன. ஆள்தான் எட்டு வயதுப் பிள்ளை உயரத்துக்கு வந்திருந்தார். மீசை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு அரை டிக்கட் கிழித்தான்.

தோட்டத்து நிர்வாகம் யோசித்துவிட்டு அவருக்கு அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போட்டது. மரத்துக்கு அடியில் புகுந்து கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கங்காணி சொல்கிறான். யசோதினி அடுத்த வருஷமும் வந்தார், லயத்துப் பெண்கள் ரொட்டி என்றார்கள், அவரும் ரொட்டி என்றே எழுதிக்கொண்டார். அந்த வருஷம் லயத்தில் யாருக்கும் புதிதாகச் சீனி வரவில்லை. பொன்னையாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மலையில் அந்த உயரம் பழகிவிட்டது. விடியற்காலையில் வேலாயி ரொட்டியைப் பிய்த்து அவர் வாயில் வைப்பாள். அவர் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் பெரட்டுக்குக் கிளம்புவாள்.