மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பெட்ரோல்

அந்த வாடகை விமானக் கம்பெனியில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே விமானியாக இருந்தவன் அவள் கணவனின் தம்பி. அவன் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்றதில், முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே எப்போது இறங்க வேண்டும், எவ்வளவு பெட்ரோல் ஏற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

ஊரெல்லாம் கால்பந்து இறுதிப் போட்டிக்குத் தவம் கிடந்தது. அண்ணிக்கோ அந்தப் போட்டி என்பது சுவரில் தொங்கிய வரைபடத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள், அவ்வளவுதான். மைதானத்தைச் சுற்றிச் சின்ன வட்டம். போட்டி நாளில் அதற்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. அதைச் சுற்றிப் பெரிய வட்டம். அதற்குள் பறக்க முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய நேரத்தைத் தவறவிட்டால் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

"உனக்கு ஃபைனல் யார் யாருக்குன்னாவது தெரியுமா அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான்.

"எத்தனை மணிக்கு முடியும்னு தெரியும். அது போதும் எனக்கு."

இறுதிப் போட்டிக்கு அவர்கள் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு குடும்பத்தை. மெத்தைத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர், அவர் மனைவி, அவர் மாமியார். மெத்தைக்காரருக்கும் கால்பந்துக்கும் எந்த உறவும் கிடையாது. மாமியார்தான் பைத்தியம். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நடுவரைத் திட்டும் திட்டு அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று மகளே சொன்னாள்.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியும் மாமியாருக்கு மருமகனைப் பிடிக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுதான் நேராக வராது. எதுவானாலும் "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று மகள் வழியாகத்தான் வரும், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும். அந்த அம்மாளை ஒரு தடவையாவது மைதானத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மெத்தைக்காரர் ஒற்றைக் காலில் நின்று டிக்கெட் வாங்கியிருந்தார். மாமியார் பக்கத்து நாற்காலி தனக்கு என்று பார்த்து வாங்கியிருந்தார்.

கம்பெனியின் ஜெட் விமானத்துக்குப் பெருநகர விமான நிலையத்தில் காலையிலேயே இறங்க நேரம் வாங்கி வைத்திருந்தாள் அண்ணி. எல்லாம் கச்சிதம். ஆனால் போட்டியன்று விடிந்தபோது பனிமூட்டம் ஓடுபாதையை மொத்தமாக விழுங்கியிருந்தது. கொட்டகைக்கு வெளியே நிறுத்தியிருந்த ஜெட்டின் மூக்கு தெரிந்தது, வால் தெரியவில்லை.

மூவரும் அலுவலகச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிய நேரம் வந்தது, போனது. அண்ணி விமான நிலையத்துக்குப் பேசிப் பார்த்தாள். இறங்க அடுத்த நேரம் போட்டி முடிந்த பிறகுதானாம்.

மாமியார் மகள் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல, ரயில்ல போலாம்னு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

மெத்தைக்காரர் கையைப் பிசைந்தார். அண்ணி வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். பெரிய வட்டத்துக்கு வெளியே, வடக்கில், ஒரு பறக்கும் சங்கத்தின் புல்தரை ஓடுபாதை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதன் காவல்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தாள். ஜெட் அங்கே இறங்காது. ஆனால் கம்பெனியில் 'குருவி' என்று ஒரு சின்ன விமானம் இருந்தது. விசிறி வைத்தது, விமானியோடு சேர்த்து நான்கு பேர் உட்காரலாம். அங்கே இறங்கினால் காவல்காரர் தன் வேனில் ரயில் நிலையத்தில் விட்டுவிடுவார். அங்கிருந்து புறநகர் ரயில் மைதான வாசலுக்கே போகும்.

"அப்போ போயிடலாம்ல? நாலு சீட் இருக்கு, நாலு பேர்தானே?" என்றார் மெத்தைக்காரர்.

"சீட் இருக்கு சார். எடைதான் இடிக்குது." அண்ணி விரலால் வரைபடத்தில் வழியைக் காட்டினாள். "நேரா போனா வட்டம் குறுக்க வருது. சுத்திட்டுத்தான் போகணும். அங்க பெட்ரோல் கிடைக்காது, திரும்பி வரவும் இங்கிருந்தே கொண்டுபோகணும். அவ்வளவு பெட்ரோலையும் மூணு பேரையும் ஏத்தினா அந்தப் புல்தரையில வண்டி நிக்காது. வேலியைத் தாண்டி யாரோ வயல்ல போய்த்தான் நிக்கும்."

சரக்கு நிறுக்கும் மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாமியார் கைப்பையை இறுகப் பிடித்தபடி ஏறினார். மெத்தைக்காரர் ஏறியதும் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கொழுந்தன் கூரையைப் பார்த்தான். மெத்தைக்காரர் இறங்கி, பெல்ட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, மறுபடி ஏறினார்.

"காலையில நாலு இட்லி கூடுதலா சாப்பிட்டுட்டேன். அதைக் கழிச்சுக்க முடியுமா?"

"முடியாது சார்."

"நான் இருந்துக்கறேன், அவரும் அம்மாவும் போகட்டும்," என்றாள் மனைவி.

அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க எறங்கினாலும் பத்தாதுங்க."

மெத்தைக்காரர் குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார்.

"அப்போ நான்தான். பரவாயில்ல, எனக்கு ஃபேக்டரியில வேலை கிடக்கு," என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பனி விலகி வெயில் வந்தது. குருவியின் தொட்டியில் பெட்ரோல் வாய் வரை நிரம்பியது. மாமியார் முன் இருக்கையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தார். கிளம்புமுன் மெத்தைக்காரர் தன் டிக்கெட்டைக் கொழுந்தனின் போனுக்கு அனுப்பினார். அந்த ஓடுபாதையில் விளக்கு கிடையாது. காலையில்தான் திரும்ப முடியும் என்பதால் அவனும் ராத்திரி அங்கேதான் தங்க வேண்டும். அவனுக்கு வாயெல்லாம் பல்.

அண்ணி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேட்ச் பாரு, வேண்டாங்கல. தண்ணி கிண்ணி தொட்டே, உங்க அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன். நேரா உன் பொண்டாட்டிகிட்டதான் சொல்வேன்."

"ஐயோ, சத்தியமா இல்ல அண்ணி."

குருவி கிளம்பிப் போனது. மெத்தைக்காரர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. அண்ணியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

குருவி பாதி வழி போயிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு அலுவலகத் திரையில் வந்தது. ஏதோ நாட்டுத் தலைவர் முன்னதாகவே வந்துவிட்டாராம். பெரிய வட்டத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டார்கள், உடனே அமலுக்கு வருகிறது. அண்ணி எழுந்து புதிய வட்டத்தை வரைபடத்தில் வரைந்தாள். போட்டிருந்த வழி அதற்குள் நன்றாகவே மாட்டியது. பறக்கும் சங்கத்தின் ஓடுபாதை நூலிழையில் வெளியே நின்றது. அவள் தன் அளவை நம்பாமல் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி உறுதி செய்துகொண்டாள். பிறகு ரேடியோவை எடுத்தாள்.

"கேக்குதா? வட்டத்தைப் பெருசு பண்ணிட்டாங்க. இப்பவே வடக்கே திரும்பு. ஏரிக்கு அந்தக் கரையோரமா சுத்திக்கிட்டுப் போ."

"அந்தக் கரையா? ரொம்ப தூரம் அண்ணி."

"தூரம்தான். பெட்ரோல் பாரு."

கரகரவென்று இரைச்சல். பிறகு, "போறதுக்கும் வர்றதுக்கும் தாராளமா இருக்கு."

"அப்புறம் என்ன, சுத்து."

மெத்தைக்காரர் கையில் பிஸ்கட் அப்படியே இருந்தது. "நானும் ஏறியிருந்தா?"

"பெட்ரோலைக் குறைச்சிருப்போம். இந்நேரம் திரும்பி வந்துக்கிட்டு இருப்பீங்க சார், மூணு பேரும்."

அவர் அந்த பிஸ்கட்டை மெதுவாகக் கடித்தார். குருவி பத்திரமாக இறங்கிவிட்டது என்று செய்தி வரும் வரை அவர் அடுத்ததை எடுக்கவில்லை.

சாயங்காலம் அலுவலகத்தின் சின்னத் தொலைக்காட்சியில் இரண்டு பேரும் போட்டி பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"அந்த ஆளு மட்டும் ஏன் வேற கலர் சட்டை?" என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"கோல் கீப்பராம். பந்தைக் கையால தொடலாமாம்."

"மத்தவங்களும் தொட்டா என்னவாம்?"

"தெரியல சார். அதுக்கும் ஏதாவது தடை இருக்கும்."

இடைவேளையில் மெத்தைக்காரரின் போன் அடித்தது. மனைவியின் எண். எடுத்தார். குரல் மனைவியுடையது இல்லை. அவர் தானாக எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை, பார்க்கறீங்களா?"

"பார்க்கறேன் அத்தை."

"அது ஆஃப்சைடே இல்ல. அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியல. நீங்களே சொல்லுங்க, அந்தப் பையன் பின்னாடிதானே நின்னான்?"

"பின்னாடிதான் அத்தை."

பின்னணியில் கூட்டம் இரைந்தது. அந்த அம்மாள் விடாமல் பேசினார். யார் யாருக்குத் தள்ளினான், யார் எங்கே நின்றான், இரண்டாம் பாதியில் யாரை இறக்க வேண்டும். மெத்தைக்காரர் நின்றபடியே "ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை" என்றார். கடைசியில் குரல் கொஞ்சம் தணிந்தது.

"நீங்க பக்கத்துல இருந்திருக்கலாம். இந்தப் பைலட் பையன் எதிர் டீமுக்குக் கத்தறான்."

போனை வைத்த பிறகு மெத்தைக்காரர் வெகுநேரம் உட்காரவில்லை. அண்ணி தேவையே இல்லாமல் வானிலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வானம் பளிச்சென்றிருந்தது. குருவி வந்து நின்றதும் மெத்தைக்காரர்தான் முதலில் ஓடினார். மாமியாருக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது; காற்றுதான் வந்தது. பேச முடியாததால் அவர் கைப்பையை மகளிடம் கொடுத்தார். மருமகனின் தோளைப் பிடித்து, கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய், இரண்டு கையையும் விரித்தபடி நிற்க வைத்தார். பிறகு அவருக்கு எதிரே சில அடி தள்ளி வந்து, புடவையைச் சற்றுத் தூக்கிச் சொருகிக்கொண்டு, இல்லாத பந்தை ஓங்கி உதைத்தார்.

மெத்தைக்காரர் வலது பக்கம் பாய்ந்தார். மாமியார் தலையை ஆட்டி இடது பக்கம் கை காட்டினார். அவர் திரும்பப் போய்க் கையை விரித்து நின்றார்.

"சார், அம்மாவைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க, இன்னொரு விமானம் எறங்கப் போகுது," என்று அண்ணி வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துத்தான் இழுத்துவர வேண்டியிருந்தது.