ஸ்பேனர் மேடமின் மூன்றாவது கோடு

“அக்கா, கை.”

“எங்கே கை?”

“அங்கேதான். ஸ்க்ரூ டிரைவர் மேல.”

ஸ்பேனர் மேடம் குனிந்து பார்த்தார். உண்மைதான். வலது கை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேசையைக் கடந்து போய், மாணவர்களின் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருந்தது.

“எடுக்கலையே தம்பி. சும்மா தொட்டுப் பார்த்தேன்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

கேள்வி சார் தன் நோட்டைப் பிரித்தார். அதில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் இன்னொன்றைப் போட்டார். அடித்தல் திருத்தல் இல்லாத, நேரான கோடு. அதைப் பார்க்கவே மேடமுக்கு எரிச்சலாக இருந்தது.

மேடம் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினீயராக இருந்தவர். இயந்திரம் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இங்கே வந்த முதல் பருவத்தில் அவருக்குக் கரும்பலகை வகுப்பைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் கியர்களைப் படமாக வரைந்தார். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையை அந்த வகுப்பில்தான் பழகினான். இரண்டாம் பருவத்தில், மாணவர்கள் நிஜமான ஒரு வேலையை எடுத்துச் செய்து முடிக்கிற செயல்திட்ட வகுப்பு கிடைத்தது. நெட்டை விழித்துக்கொண்டான். மேடமும்தான்.

ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. செயல்திட்ட வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியரோடு ஒரு பருவம் முழுக்க இன்னொரு ஆசிரியர் வழிகாட்டியாக உட்காருவார். புது ஆசிரியர் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லக் கூடாது. மாணவர்களின் வேலையில் கை வைக்கவே கூடாது. மூன்று கோடு விழுந்தால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். மேடம் மறுபடி கரும்பலகைக்கு.

வழிகாட்டியாக வந்தவர் மேடமைவிடப் பதினான்கு வயது சின்னவர். யார் எது கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பதால் கேள்வி சார். கேன்டீனில், டீயா காபியா என்று கேட்டால்கூட, “நீங்க எதை நல்லா போடுவீங்க?” என்பார்.

“உனக்கு வழிகாட்டியா இருந்தவர் உனக்கு எத்தனை கோடு போட்டார் தம்பி?”

“ரெண்டு.”

“மூணாவது?”

“அதுக்குள்ள பருவம் முடிஞ்சிருச்சு.”

“அப்ப நீயும் யோக்கியன் இல்லை.”

“அதனாலதான் சொல்றேன். கையில எதையாவது வெச்சுக்கோங்க அக்கா. ரெண்டு கையும் வேலையா இருந்தா வேற எங்கேயும் போகாது.”

முதலில் டீ கோப்பையை வைத்துப் பார்த்தார். டீ குடித்தால் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் வீட்டில் கிடந்த ஒரு பெரிய கறுப்புக் கம்பளி நூல் உருண்டையையும் இரண்டு ஊசிகளையும் கொண்டுவந்தார். மறுநாளிலிருந்து பட்டறை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார்.

“மேடம், அது என்ன? ஸ்வெட்டரா?”

“தெரியலை.”

“யாருக்கு?”

“அதுவும் தெரியலை. நீ உன் வேலையைப் பாரு.”

அவர்கள் வேலை இது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை ஆழமான தள்ளுவண்டியில் போட்டுவைப்பார்கள். மேலே இருப்பதை எடுக்க எடுக்க, கீழே உள்ளதற்கு அதிகமாகக் குனிய வேண்டும். அங்கே தலைமையாக இருக்கும் பெரியக்காவுக்கு இடுப்பே போய்விட்டது. விரிப்பு குறையக் குறைய வண்டியின் அடித்தட்டு தானாக மேலே வந்தால் யாரும் குனிய வேண்டாம். அடித்தட்டைத் தூக்க ஒரு மோட்டாரும் சங்கிலியும். வண்டியின் வாய்க்கு அருகில் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கும் உணரி. குறுக்கே துணி இருந்தால் உணரிக்கு ஒளி தெரியாது, தட்டு சும்மா இருக்கும். துணி போனால் ஒளி தெரியும், தட்டு ஏறும்.

வண்டியை நெட்டை கட்டினான். மோட்டாரை இயக்கும் கணினி நிரலைக் கண்ணாடி எழுதினாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அறை முழுக்கத் தேடுகிறவள். மூன்றாவது பெண் முணுமுணு. அவள் பேசுவது அவளுக்கே பாதிதான் கேட்கும்.

பட்டறையில் வண்டி சமத்தாக ஓடியது. சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஆட்டம் போட்டது. விரிப்பு நிறைந்திருக்கும்போதே தட்டு விறுவிறுவென்று ஏறி, துவைத்த துணியை எல்லாம் தரையில் தள்ளியது. மூன்று முறை அப்படி நடந்தது.

“இதை வேண்டாம்னு சொல்லலை,” என்றார் பெரியக்கா, ஈர விரிப்புகளைப் பொறுக்கிக்கொண்டே. “முன்னாடி வண்டிக்குள்ள குனிஞ்சேன். இப்ப தரைக்குக் குனியறேன். கொஞ்சம் முன்னேற்றம்தான்.”

பட்டறைக்குத் திரும்பியதும் மூவரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். மோட்டார் ஓடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மூலையில் ஊசிகள் நின்றன.

சங்கிலி. மேடமுக்குச் சந்தேகமே இல்லை. சங்கிலி தொய்ந்திருக்கிறது, பல்லை விட்டுத் தாவுகிறது. தொழிற்சாலையில் இந்த ‘டக்’கை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். அரைத் திருகு திருகினால் போதும்.

“அக்கா,” என்றார் கேள்வி சார் மெதுவாக.

“பின்னிட்டுதானே இருக்கேன்.”

“ஊசியை ஸ்பேனர் மாதிரி பிடிச்சிருக்கீங்க.”

“சங்கிலிதான். உனக்குத் தெரியுதா?”

“தெரியுது. ஆனா அது சங்கிலி இல்லை, நிரல். எங்கேயோ சிக்கி நிக்குது. ரீசெட் பண்ணா சரியாயிடும்.”

“நிரலாவது ஒண்ணாவது. சங்கிலி.”

“சங்கிலியே இருக்கட்டும். சொல்லிடாதீங்க.”

“சொல்லலைப்பா. வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஜீரணமாகத்தான் மாட்டேங்குது.”

வீட்டிலும் அது ஜீரணமாகவில்லை. கணவர் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டார்.

“உப்பு எங்கே இருக்கு?”

“இதுவரைக்கும் எங்கெல்லாம் தேடினீங்க?”

“என்னது?”

“உப்பு இல்லாத இடம் எதெதுன்னு தெரிஞ்சா, இருக்கிற இடம் தெரிஞ்சிடும் இல்லையா?”

கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். “முப்பது வருஷமா ஒரு கேள்விகூடக் கேட்காம எல்லாத்தையும் நீயே செஞ்சே. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்ப எதுக்குத் திருத்திக்கிறே?”

“இன்னும் ஒரு கோடு விழுந்தா அந்த வகுப்பு போயிடும்.”

“போனா?”

“மறுபடி படம் வரையணும். பசங்க தூங்குவாங்க.”

“சரி, அது பெரிய விஷயம்தான். உப்பு எங்கேன்னு மட்டும் சொல்லிடு.”

“உங்க கைக்குப் பக்கத்துல.”

துறைத்தலைவி வந்து பார்க்க இரண்டே நாள் இருந்தது. சலவைக்கூடத்திலேயே, காலை பதினோரு மணிக்கு. வண்டி ஓடினால் மாணவர்களுக்குத் தேர்ச்சி. கண்ணாடி நிரலை நாலாவது முறையாக மாற்றி எழுதினாள். நெட்டை எல்லா நட்டையும் இறுக்கினான், சங்கிலியைத் தவிர. மேடம் பல்லைக் கடித்தார். நாக்கின் நுனிக்குச் சங்கிலி வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, வாயில் வந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

“இது எப்பக் கெடுது?”

“அங்கே கொண்டுபோனா கெடுது மேடம்.”

“எங்கேன்னு கேட்கலை. எப்பன்னு கேட்டேன்.”

நெட்டை தலையைச் சொறிந்தான். கண்ணாடி, கண்ணாடியைத் தேடினாள். முணுமுணு ஏதோ முணுமுணுத்தாள்.

“சத்தமா சொல்லும்மா.”

“நமக்குக் காலை வகுப்பு பத்தரைக்குத்தான் முடியுது. அதனால அங்கே எப்பவும் பத்தரைக்கு மேலதான் போறோம். இங்கே பட்டறை மத்தியானம். காலையில எட்டு மணிக்கு அங்கே இது எப்படி ஓடும்னு நமக்குத் தெரியாது.”

கேள்வி சார் மேடமைப் பார்த்தார். மேடம் ஊசியைப் பார்த்தார். எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று அவருக்கே தெரியாது. சங்கிலியைச் சொல்லிவிடாமல் இருக்கத்தான் கேட்டார்.

மறுநாள் மூவருக்கும் தேர்வு இருந்தது. அதற்கு அடுத்த நாள்தான் துறைத்தலைவி வருகிற நாள். அன்று காலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு எட்டு மணிக்கே சலவைக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். வண்டி எட்டு மணிக்கு ஒழுங்காக ஓடியது. ஒன்பதுக்கும் ஓடியது. மேடமும் கேள்வி சாரும் பத்து மணிக்கு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு நல்ல புத்தி வந்திருச்சு போல,” என்றார் பெரியக்கா.

பத்தே முக்காலுக்குத் தட்டு விறுவிறுவென்று ஏறியது. பன்னிரண்டு விரிப்புகள் தரையில்.

“நான் வாயை வெச்சேன் பாரு,” என்றார் பெரியக்கா.

மேடம் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊசிகளைத் தொடைக்கு நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேள்வி சார் உதவி செய்கிற பாவனையில் வண்டிக்கு அருகே போய் நின்றார். நெட்டை தட்டை இறக்கி விரிப்புகளைத் திரும்பப் போட்டான்; தட்டு மறுபடி ஏறத் தொடங்கியது. முணுமுணு மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக்குக் கீழே உள்ள உயரமான ஜன்னலிலிருந்து ஒரு வெயில் பட்டை இறங்கி, ஆவிக்குள் சாய்வாக வந்து வண்டியின் வாயில் விழுந்திருந்தது. அவள் போய் அந்தப் பட்டைக்குக் குறுக்கே நின்றாள். தட்டு நின்றது. நகர்ந்தாள். தட்டு ஏறியது. மறுபடி நின்றாள், நின்றது.

“என்ன பண்றே நீ, டான்ஸா?” என்றான் நெட்டை.

“வெயில்,” என்றாள் முணுமுணு. முதல் முறையாக எல்லோருக்கும் கேட்டது. “உணரிக்குள்ள வெயில் விழுது. துணி இருந்தாலும், அந்தப் பக்கத்து விளக்குதான் தெரியுதுன்னு அது நினைச்சுக்குது. காலி வண்டின்னு ஏத்துது.”

மேடம் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: சங்கிலி இல்லை. அரைத் திருகு திருகியிருந்தால் சத்தம் போயிருக்கும். வண்டி தள்ளிக்கொண்டேதான் இருந்திருக்கும். வகுப்பும் போயிருக்கும். ஆயிரம் முறை கேட்ட காது ஆயிரத்தோராவது முறை காலை வாரிவிட்டது.

“மணி பத்து அம்பது,” என்றாள் கண்ணாடி. “உணரிக்கு ஒரு மூடி வேணும். குழாய் மாதிரி. முன்பக்கம் மட்டும் திறந்திருக்கணும்.”

அட்டையைச் சுருட்டி வைத்தார்கள். ஆவியில் ஊறி, தலை தொங்கிவிட்டது. கறுப்பு டேப் ஈரத்தில் ஒட்டவில்லை. நெட்டை சுற்றும்முற்றும் பார்த்தான். அவன் கண் மேடமின் மடியில் வந்து நின்றது.

“மேடம், அது இன்னும் என்னன்னு தெரியலைதானே?”

“தெரியலை.”

“எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.”

மேடம் கேள்வி சாரைப் பார்த்தார். “தம்பி, இது கோட்டுல வருமா?”

“அவங்களா கேட்டாங்களா, நீங்களா குடுத்தீங்களா?”

“கேட்டாங்க.”

“அப்ப அது பொருள். கடையில கேட்டு வாங்கினா கடைக்காரருக்கா கோடு போடுவோம்?”

மூன்று வாரப் பின்னல் கைமாறியது. கண்ணாடி கத்தரிக்கோலை எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினாள். வெட்டிய இடத்தில் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, நூல் அவிழ ஆரம்பித்தது. மேடமின் விரல்கள் துடித்தன. இரண்டே கண்ணியை இழுத்து முடிந்தால் நின்றுவிடும். அவர் இரண்டு கையையும் அப்படியே எடுத்துத் தனக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு சில்லென்று இருந்தது.

“அவிழ்ந்து வர்ற நூலை வெச்சு என்ன பண்ணலாம்?” என்றார்.

நெட்டை நூலையும் உணரியையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னலை இரண்டு மடிப்பாக உணரியைச் சுற்றிச் சுருட்டி, அவிழ்ந்து வந்த அதே நூலால் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். அவிழ்வது நின்றது. உணரி குளிருக்குத் தொப்பி போட்ட குழந்தை மாதிரி இருந்தது.

துறைத்தலைவி சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். வெயில் பட்டை முழுசாக வண்டியின் மேல் இருந்தது. பெரியக்கா முதல் விரிப்பை எடுத்தார். தட்டு ஒரு விரல் உயரம் ஏறி நின்றது. அடுத்தது. மறுபடி ஒரு விரல். ‘டக்’ என்றது, யாரும் கவலைப்படவில்லை. கடைசி விரிப்பை எடுத்துவிட்டு, பெரியக்கா நிமிர்ந்தபடியே நின்றார்.

“நான் குனியவே இல்லை,” என்றார், யாரோ தன் மேல் குற்றம் சொன்ன மாதிரி.

துறைத்தலைவி உணரியின் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். “இது யார் யோசனை?”

மூவரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். துறைத்தலைவி சிரித்துக்கொண்டே கேள்வி சார் பக்கம் திரும்பினார். “உங்க நோட்டு என்ன சொல்லுது? இவங்களுக்கு வகுப்பு இருக்கா, போச்சா?”

“ரெண்டு கோடு மேடம். இருக்கு. இன்னிக்குக் கை மேலேயே உட்கார்ந்திருந்தாங்க.”

மேடம் எழுந்து, மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். மறுபக்கத்தில் நின்றார்.

“தம்பி, கை.”

“எங்கே கை?”

“அங்கேதான். ரீசெட் பொத்தான் மேல.”

கேள்வி சார் குனிந்து பார்த்தார். உண்மைதான். வலது கை கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் இருந்தது. ஆள்காட்டி விரல் பொத்தானில் தயாராகப் படிந்திருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

“அவரு வந்ததுலேர்ந்தே அப்படித்தான் நிக்கறாரு,” என்றார் பெரியக்கா. “அதுவும் மிஷின்ல ஒரு பகுதின்னு நினைச்சேன்.”

“அழுத்தலையே அக்கா. சும்மா தொட்டுட்டு...”

“நோட்டைக் குடு.”

கொடுத்தார். மேடம் பேனாவையும் வாங்கி, புதுப் பக்கத்தின் உச்சியில் கேள்வி சாரின் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். விரல் மரத்திருந்ததால் கோடு கொஞ்சம் வளைந்துதான் வந்தது. திருத்தவில்லை.

“அந்தக் கம்பளியில மிச்சம் இருக்கா?” என்றார் கேள்வி சார்.

“உனக்குப் பின்னத் தெரியுமா?” என்று கேட்டார் மேடம்.